ஜேனட் வீட்டுச் சுவரில் என் கையெழுத்து

1

போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது என்று எழுதினால் செஞ்சியில் என்ன பேச்சு கிளம்பும் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முதல் கிளாஸ் ஆறுவதற்குள் நான் கைதாகியிருப்பேன். இரண்டாவது கிளாஸில் நாடு கடத்தப்பட்டிருப்பேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் என்னைக் கைது செய்யவில்லை. வந்தது ஒரே ஒரு பெண் போலீஸ், அதுவும் ரொம்ப மரியாதையாகப் பேசியவர். ஆனாலும் அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குமுன் நானே எழுதிவிடுவது நல்லது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் சேகர். செஞ்சி சுற்றுவட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். 'கொசு மருந்து சார்' என்றால் பல பேருக்குச் சட்டென்று பிடிபடும். என் மனைவி தமிழரசி நர்ஸ். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. விசாவில் அவள் பெயர்தான் முதலில். நானும் மகள் நிவேதாவும் அவளைச் சார்ந்தவர்கள். 'சார்ந்தவர்' என்ற அந்தச் சொல்லை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது கோபமெல்லாம் இல்லை. பயம் மட்டும்தான்.

எதற்குப் பயம் என்று கேட்டால் எதற்குத்தான் இல்லை. தபால் பெட்டியில் அரசாங்கக் கடிதம் வரும் பழுப்பு உறை விழுந்தால் பயம். பஸ்ஸில் பின்னால் யாராவது சிரித்தால் பயம். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக் கருவாடு வறுக்கப் பயம். போன கோடையில் எங்கள் தெரு விளக்குக் கம்பங்களில் யாரோ கொடி கட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் நாட்டுக் கொடி, அவர்கள் கம்பம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அங்கே தொங்கும்வரை கடைக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் என் நடை தானாக வேகமெடுத்தது.

2

இந்தப் பயத்தோடுதான் நாற்பத்தாறு வயதில் படிக்கப் போனேன். பொது சுகாதாரத்தில் முதுகலை. பகலில் படிப்பு, இரவில் ஒரு பெரிய கடையில் தரை துடைக்கும் வேலை. இந்தப் பட்டம் இருந்தால் நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் கடைசிவரை துடைப்பக்கட்டைதான். தமிழரசிக்கு நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. நானும் ஒரு நல்ல வேலைக்குப் போனால்தான் அவள் கொஞ்சம் உட்காரலாம்.

ஊருக்குத் திரும்பிவிடலாமே என்பீர்கள். அரசு வேலையில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். விடுப்பு தீர்ந்ததும் ராஜினாமா எழுதி அனுப்பினேன். அன்றைக்கு என் அப்பா, எங்களுக்கு நைனா, போனில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

"கெவுர்மென்ட்டு வேலைய உட்டுட்டு போய் பாடம் படிக்கிறானாம். ஊர்ல எவனாவது கேட்டா இன்னான்னு சொல்றது நானு?"

"மேல்படிப்பு நைனா. முடிச்சா பெரிய வேலை."

"நீ முடிக்கிறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன்டா."

நைனா எப்போதும் அப்படித்தான் பேசுவார். எழுபத்தைந்து வயதிலும் மணிலாக் கடலை பிடுங்க ஆள் வரவில்லையென்றால் தானே குனிந்து பிடுங்குகிறவர்.

வகுப்பில் மற்றவர்களெல்லாம் என் மகளைவிட ஐந்தாறு வயது பெரியவர்கள், அவ்வளவுதான். ஒருநாள் பேராசிரியை, ஒரு வீட்டுக்குள் ஆய்வு செய்ய எப்படி அனுமதி பெறுவீர்கள் என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். முன்கூட்டியே கடிதம், தொலைபேசி, உள்ளூர் அமைப்பு, சம்மதம். என் முறை வந்தபோது, "நாங்கள் சும்மா போய்விடுவோம் மேடம், பின்பக்கமாக" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பேராசிரியை சிரிக்காமல், "யாரும் தடுக்கமாட்டார்களா?" என்றார். "டீ கொடுப்பார்கள் மேடம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இங்கே வந்தபிறகு கற்றுக்கொண்ட வித்தை அது.

படிப்பின் கடைசிப் பகுதி களப்பயிற்சி. ஒரு அலுவலகத்தில் சில மாதம் வேலை பார்த்தால்தான் பட்டம். எனக்கு இந்த ஊர் நகராட்சியின் சுகாதாரப் பிரிவிலேயே இடம் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. வீடுகளுக்குப் போகும் வேலை என்பதால் போலீஸ் நன்னடத்தைச் சான்று சுத்தமாக இருக்கவேண்டும். நான் சிரித்தேன். செஞ்சியில் என் மேல் ஹெல்மெட் கேஸ் கூடக் கிடையாது.

3

நாங்கள் வீட்டுக்கு வீடு போவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்லவேண்டும். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

காலையில் டார்ச்சும், தண்ணீரை மொண்டு பார்க்கக் கரண்டியும் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். வாசலில் நின்று "யாருமா வீட்ல? தண்ணி பாக்கணும்" என்று ஒரு குரல். பதில் வந்தாலும் வராவிட்டாலும் கால் பின்கட்டுக்குப் போய்விடும். தொட்டி, டிரம், ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. கொசுப்புழு நெளிந்தால் கவிழ்த்துவிடவேண்டியது. கவிழ்த்த கையோடு வாசல் சுவரில் சாக்பீஸால் தேதியும் கையெழுத்தும் போடவேண்டியது. அந்த வீடு பார்த்தாகிவிட்டது என்பதற்கு அடையாளம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். சில வீடுகளில் அதைத் தொடாமல் சுற்றிலும் அடித்திருப்பார்கள்.

செஞ்சி பக்கம் அனந்தபுரத்தில் ஒரு அம்மா இருந்தார். என் குரல் கேட்டாலே தண்ணீர் டிரம்மின் மேல் பாயை விரித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

"எழுந்திரும்மா, பாக்கணும்."

"இன்னாத்த பாக்கப் போற? நாலு நாளைக்கு ஒருவாட்டி தண்ணி உடுறான். நீ வந்து கவுத்துட்டு போனா, குடிக்க உங்க ஆபீஸ்ல இருந்து கொண்டாந்து குடுப்பியா?"

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் கவிழ்த்துவிட்டுத்தான் வருவேன். திட்டிக்கொண்டே மோர் கொடுப்பார். என் கையெழுத்தை மட்டும் அழிக்கமாட்டார். "எங்க ஊட்டுக்கும் ஆபீசர் வந்துட்டு போயிருக்கான்னு தெரியட்டும்" என்பார்.

நான் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நிவேதாவுக்கு ஏழு வயதில் டெங்கு வந்தது. ஊர் முழுக்கப் புழு தேடியவன் பெண்ணுக்கே வந்துவிட்டது என்று சிலர் கேலிகூடப் பேசினார்கள். விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. சாயந்தரம் வரும் ரிசல்ட்டைப் பார்க்க நான் போகமாட்டேன், தமிழரசிதான் போவாள். அவள் வராந்தாவில் திரும்பி நடந்து வரும்போது முகத்தைப் பார்க்காமல் அவள் காலைப் பார்ப்பேன். வேகமாக நடந்தால் நல்ல சேதி என்று நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். நிவேதா பிழைத்துவிட்டாள். அதே கட்டிலில் படுத்திருந்த இன்னொரு பெண் குழந்தை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் கவிழ்க்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது. அது படிப்பில் வந்ததல்ல. எந்தப் படிப்பாலும் போகவும் போகாது.

4

அன்று காலை நான் நல்ல மனநிலையில் இருந்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

களப்பயிற்சிக்கு இடம் கிடைத்த சேதி முந்தின நாள்தான் வந்திருந்தது. கடை வேலை முடிந்து விடியலில் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். பின்பக்கம் ஒரு சந்து ஓடும். அந்தச் சந்து வழியாக வந்தால் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பின்கேட் திறந்திருந்தது. உள்ளே, கையெட்டும் தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர். குனிந்து பார்த்தேன். புழு. நன்றாக, கொழுகொழுவென்று, தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தது.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. தூக்கம் கெட்ட மூளை. வாய் தானாக, "யாருமா வீட்ல? தண்ணி பாக்கணும்" என்றது. அதுவும் தமிழில். கால் உள்ளே போயிற்று. போன் டார்ச்சை அடித்துச் செடித்தொட்டிகளுக்குப் பின்னால் பார்த்தேன். டப்பைக் கவிழ்த்தேன். வெளியே வந்தேன். சந்தில் பிள்ளைகள் பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டுவிட்டு விட்டுப்போன சாக்பீஸ் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து, கேட்டை ஒட்டிய செங்கல் சுவரில் தேதி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

போட்டுவிட்டுப் பத்தடி நடந்தபிறகுதான் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே உறைத்தது. திரும்பிப் போய் அழித்திருக்கலாம். அந்த வீட்டு மாடியில் ஒரு திரை அசைந்தது போலிருந்தது. நடையை வேகமாக்கி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். தமிழரசியிடம் சொல்லவில்லை. குளித்தேன், தோசை தின்றேன், படுத்தேன். தூங்கவில்லை.

5

அந்தக் கேட்டுக்கு மேலே ஒரு சின்ன கேமரா இருந்திருக்கிறது.

சாயந்தரம் நிவேதா பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் போனை நீட்டினாள். தெருக்காரர்கள் குழுவில் போட்ட வீடியோ அவள் சிநேகிதிகள் வழியாக அவளுக்கு வந்திருந்தது. மங்கலான வெளிச்சத்தில் தொப்பி போட்ட மீசைக்காரன் ஒருவன் வருகிறான். என்னவோ முணுமுணுக்கிறான். டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்க்கிறான். வெளியே போய்ச் சுவரில் ஒரு குறி போடுகிறான். நானே வெளியாளாக இருந்து பார்த்திருந்தால் எனக்கும் திக்கென்றுதான் இருந்திருக்கும்.

கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். திருடர்கள் வீட்டை நோட்டம் பார்த்துவிட்டு இப்படித்தான் குறி போட்டுப் போவார்களாம். அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் ஆராய்ந்திருந்தார். தனியாக இருக்கும் பெண் என்று அர்த்தமாம். எல்லோரும் அவரவர் சுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்னொருவர். அன்று மாலையே குறி எதுவும் இருக்கக்கூடாதென்று சந்து முழுக்க யாரோ தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். பிள்ளைகளின் பாண்டிக் கட்டமும் அதோடு போயிற்று.

"இன்னாங்க இது?" என்றாள் தமிழரசி. "இது நீங்கதானா?"

"புழு இருந்துச்சி" என்றேன்.

"புழு இருந்தா? உங்கள யாரு ஆபீசர்னு இங்க கூப்டாங்க?" அவள் குரல் உடைந்தது. "சர்ட்டிபிகேட்டு வரணும், விசா ரெனியூவல் வரணும். எல்லாத்தையும் ஒரு டப்பு தண்ணில கவுத்துட்டீங்களே. யாராவது கேட்டா அது நான் இல்லன்னு சொல்லிடுங்க. மூஞ்சி ஒண்ணும் தெளிவா இல்ல."

நிவேதா போனைப் பார்த்தபடியே சொன்னாள். "ஸ்கூல்ல மூணு பேர் கேட்டாங்க, இது உங்க டாடி மாதிரி இருக்கேன்னு. நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

உள்ளதைச் சொல்கிறேன். அதைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. நல்லவேளை என்று நினைத்தேன். வலி அப்புறம்தான் வந்தது, சாப்பிட உட்கார்ந்தபோது.

மறுநாள் காலை மீசையை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த மீசை. கண்ணாடியில் மூக்குக்குக் கீழே வெளுத்த ஒரு பட்டையோடு எவனோ நின்றான். நைனா வாராவாரம் வீடியோவில் கூப்பிடுவார் என்பதை மறந்தே போனேன். பக்கத்து வீட்டுப் பையனின் போனில் அவர் முகம் வந்தது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது.

"டேய். இன்னாடா இது?"

"சும்மா நைனா. இங்க வெயிலு."

"நான் உசுரோடதான்டா இருக்கிறேன். நான் போறதுக்கு முன்னாடியே மீசைய எடுத்துட்டியா நீ?"

எங்கள் பக்கம் அப்பன் செத்தால்தான் பிள்ளை மீசையை எடுப்பான். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று பார்த்தால் அவர் கண் கலங்கியிருந்தது. நான் என்னென்னவோ சொன்னேன். எதுவும் எடுபடவில்லை. போனைப் பையனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். என் பயம் ஏழு கடல் தாண்டிப் போய் அவரையும் தொட்டுவிட்டது.

அதன்பிறகு நான் சந்துப் பக்கமே போகவில்லை. வகுப்புக்குத் தொப்பி போடாமல் போனேன். வாசலில் கார் நின்றால் மாடிக்குப் போய்விடுவேன். களப்பயிற்சி போய்விட்டது, பட்டம் போய்விட்டது, தமிழரசி இனி முதுகு வளைந்தே கிடக்கவேண்டியதுதான் என்று ராத்திரி பகலாக இதே ஓட்டம். செஞ்சிக்குத் திரும்பினால் வேலையும் இல்லை. எந்த முகத்தோடு திரும்புவது என்று யோசிக்கும்போது, முகமே பாதிதான் இருக்கிறது என்று ஞாபகம் வரும்.

6

போலீஸ்காரம்மா வந்தபோது வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். சந்தேகப்பட்டு வரவில்லை. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். என்னைவிட இளையவர், கையில் ஒரு டேப்லெட். அந்த வீட்டில் இருப்பவர் பெயர் ஜேனட், தனியாக இருக்கிறார், ரொம்பப் பயந்துபோயிருக்கிறார் என்றார். மூன்று வருடம் நாலு வீடு தள்ளி இருந்தும் அவர் பெயரை அன்றுதான் கேட்டேன்.

"இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று வீடியோவை ஓடவிட்டார்.

என் குரல் என் வாசலில் நின்று என்னையே கூப்பிட்டது. யாருமா வீட்ல? தண்ணி பாக்கணும்.

'தெரியாது' என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை நாகரிகமான வழிகள் உண்டோ அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தன. தமிழரசி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல் அழுத்தியதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல் போதும். மீசையும் இல்லை.

"அது என் அப்பா" என்றாள் நிவேதா, எங்கள் இருவருக்கும் பின்னாலிருந்து.

போலீஸ்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வை என் மேலுதட்டின் வெளுத்த பட்டையில் ஒரு கணம் நின்றது. எனக்கு ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

நிவேதாதான் பேசினாள். அவள் ஆங்கிலம் இந்த ஊர்க்காரர்களின் ஆங்கிலம், எனக்கே பாதி பிடிபடாது. வீடியோவில் அப்பா என்ன சொல்கிறார் என்று சொன்னாள். வீட்டில் யாராவது இருக்கிறீர்களா, தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்கிறார், உள்ளே வருமுன் அப்படிக் கேட்பது அவர் ஊர் வழக்கம் என்றாள். அது குறியல்ல, தேதி, பார்த்து முடித்த வீடு என்று அர்த்தம் என்றாள். இதெல்லாம் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. செஞ்சியில் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சில நாள் வந்திருக்கிறாள், அப்போது பார்த்திருக்கவேண்டும்.

போலீஸ்காரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எதையும் எடுக்கவில்லை, உடைக்கவில்லை, இதைக் குற்றமாகப் பார்க்கமாட்டோம், ஆனால் நடந்தது பதிவில் இருக்கும் என்றார். சான்றிதழில் அது வருமா என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை, வரக்கூடாது என்றுதான் நினைக்கிறேன் என்றார். போகும்போது, ஜேனட் சம்மதித்தால் நேரில் போய் விளக்கம் சொல்வீர்களா என்று கேட்டார். சரி என்றேன்.

கதவைச் சாத்தியதும் தமிழரசி மகள் மேல் பாய்ந்தாள். "உன்ன யாருடி கேட்டா? அப்பா பேசிக்கினு இருக்கும்போது?"

"அவர் பேசலமா. நின்னுக்கினு இருந்தாரு." நிவேதாவுக்கு மூச்சு வாங்கியது. "தண்ணி கொட்டுனது கிரைம் இல்ல. போலீஸ்கிட்ட பொய் சொன்னாதான் கிரைம். அப்புறம் நம்ம மூணு பேரையும் அனுப்பிடுவாங்க. நான் டெய்லி நைட்டு அதையேதான் நெனச்சினு இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் கீழ பேசுறது எனக்குக் கேக்கும்."

பதினாறு வயதுப் பெண். போனும் சிநேகிதிகளும் பிரிட்டிஷ் ஆங்கிலமுமாக எங்களைவிட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று நாங்கள் இருவரும் புலம்பிக்கொண்டிருந்தோம். அவள் எங்கேயும் போகவில்லை. எங்கள் பயத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு மாடியறையிலேயேதான் இருந்திருக்கிறாள்.

7

ஜேனட் வரச் சொன்னார். பகலில், முன்வாசல் வழியாக, மகளோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் ஆங்கிலத்தில் நாலு வரி தயார் செய்து குளியலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மறைக்க ஒன்றுமில்லை, நான் அங்கே போனது முழுக்க அவருக்காக அல்ல. அவர் மனம் இளகினால் போலீஸ் பதிவிலும் ஏதாவது இளகும் என்ற கணக்கும் இருந்தது. தமிழரசி கேசரி செய்து டப்பாவில் கொடுத்தாள்.

மணியடித்ததும் கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே சங்கிலி போட்டிருந்தது. அறுபது வயது இருக்கும், சின்ன உருவம், வெள்ளை முடி. சங்கிலியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். பழுப்பு உறையைக் கிழிக்கும்போது என் கை அப்படித்தான் நடுங்கும்.

தயார் செய்த நாலு வரியும் போயிற்று. "சாரி" என்றேன். பிறகு மறுபடியும் "சாரி".

"ஏன் என் வீடு?" என்றார் அவர். வேறு எதுவும் கேட்கவில்லை.

"தண்ணீர் இருந்தது" என்றேன். அவருக்கு அது எப்படிப் புரியும்? நிவேதா சொன்னாள். தனக்குச் சின்ன வயதில் கொசுவால் வந்த காய்ச்சல், ஆஸ்பத்திரி, பக்கத்தில் படுத்திருந்த பெண். அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னாள். எனக்கு அந்தப் பெயர் மறந்துபோயிருந்தது.

ஜேனட் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த டப் குருவிகளுக்காக வைத்தது என்றார். "நீங்கள் சொல்வதை நம்புகிறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் அன்றிலிருந்து நான் படுக்கையறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துத்தான் படுக்கிறேன். நீங்கள்தான் என்று தெரிந்தபிறகும் அது போகவில்லை. உங்கள் மேல் கோபமில்லை" என்றார்.

கேசரி டப்பா சங்கிலி இடைவெளியில் நுழையவில்லை. வாசற்படியில் வைத்துவிட்டு வந்தோம். மூன்று வருடமாக அந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலையும் பார்த்துப் பயந்து நடந்தவன் நான். என்னைப் பார்த்து ஒருவர் பயப்பட முடியும் என்பதை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அதுவும் பயமுறுத்தியது என் சொந்த உருவம், என் பாஷை, நான் பெருமையாகப் போட்ட கையெழுத்து.

8

சான்றிதழ் சுத்தமாக வந்தது. தமிழரசி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். மீசை பாதிக்குமேல் வளர்ந்துவிட்டது. நைனாவிடம் காட்டினேன். "இப்பதான் மனுசன் மாதிரி இருக்கிற" என்றார். போலீஸ் கதையை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது சொல்லிவிடுவீர்கள், அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

களப்பயிற்சியில் நன்றாகத்தான் நடத்துகிறார்கள். ஈரம் ஊறிப் பூஞ்சை பிடித்த வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் வேலை. கடிதம் போட்டு, நாள் குறித்து, கதவைத் தட்டிவிட்டு மூன்றடி பின்னால் தள்ளி நிற்கிறேன். வீட்டுக்காரர் வாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னபிறகுதான் உள்ளே காலை வைக்கிறேன். நான் ரொம்ப நாகரிகமானவன் என்று மேலதிகாரி பாராட்டினார். செஞ்சிக்காரர்கள் கேட்டால் சிரிப்பீர்கள்.

போன மாதம் ஜேனட் வீட்டு முன்னால் விற்பனைக்கு என்று பலகை நட்டார்கள். தமிழரசி, "அந்தம்மா வயசானவங்க, தங்கச்சி ஊட்டுக்குப் போறாங்களாம். அதுக்கும் நமக்கும் ஒண்ணுமில்ல" என்றாள். இருக்கலாம். போய்க் கேட்டால் தெரிந்துவிடும். எனக்குக் கேட்கப் பயம்.

நேற்று சாயந்தரம் நான் வேலையிலிருந்து வரும்போது லாரி வந்து நின்றிருந்தது. இரண்டு ஆட்கள் சோபாவை இறக்க முடியாமல் வாசற்படியில் திணறிக்கொண்டிருந்தார்கள். செஞ்சியாக இருந்தால் நான் இதற்குள் ஒரு முனையைப் பிடித்திருப்பேன், யாரும் கூப்பிட்டிருக்கவேண்டியதில்லை. எதிர்ச் சாரியிலேயே நின்றுகொண்டேன். ஜேனட் என்னைப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாமல் கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையை எடுத்து அவருக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்தார், நல்ல சிரிப்புதான், கையும் அசைத்தார்.

லாரி கிளம்பியது. வீடு காலி. அவர் தங்கை காரைச் சந்து முனையில் நிறுத்தி ஹாரன் அடித்தார். அதற்குள் நான் எதிர்ச் சாரியிலேயே தெருமுனைவரை நகர்ந்திருந்தேன், அங்கிருந்து சந்து தெரியும். ஜேனட் ஏறப் போனவர், நின்று, என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சந்துக்குள் திரும்பி நடந்து, இனித் தனக்குச் சொந்தமில்லாத அந்தப் பின்கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் காரில் ஏறினார்.